அள்ளிய மூட்டையின் எடை

கடற்கரைத் துப்புரவுப் பணி முடிந்து கைகளைக் கழுவும்போதே யாராவது ஒருவர் "மொத்தம் எத்தனை கிலோ?" என்று கேட்டுவிடுவார். பல ஆண்டுகளாக நானும் அதைத்தான் கேட்டேன். கிடைத்த எண்ணைக் குறித்து வைத்து, முந்தைய ஆண்டைவிட அது கூடியிருந்தால் மகிழ்ந்தேன். ஓர் ஆண்டு அந்த எடை திடீரென்று ஏறத்தாழ இரட்டிப்பானது. மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: ஈர மணலும் சிப்பியும் பாசியும் உள்ளே இறுகிப்போய், நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் எளிதில் அசையாத ஒரே ஒரு மீன்வலைச் சுருள், மொத்த எடையில் பாதியைத் தனியாகவே பிடித்திருந்தது. போதாததற்கு அன்றைக்கு வந்திருந்த தன்னார்வலர்களும் வழக்கத்தைவிட மிக அதிகம். அப்படியானால் அந்த எண் எதைச் சொன்னது? கடல் முன்பைவிட அழுக்காகிவிட்டது என்றா, நாங்கள் முன்பைவிட நன்றாக உழைத்தோம் என்றா? இரண்டையும் அது சொல்லவில்லை. அள்ளிய எடை எங்கள் உழைப்பின் அளவேயன்றிக் குப்பை குறைந்ததற்கான அளவு அல்ல என்பது அன்றுதான் எனக்குத் தெளிவாக விளங்கியது.

குப்பை குறைகிறதா என்று அறிய விரும்புகிறவர், ஒரே இடத்தில், ஒரே முறையில், ஒரே இடைவெளியில் எண்ண வேண்டும். வடகிழக்கு அட்லாண்டிக் கடலைப் பாதுகாப்பதற்கான ஓஸ்பார் ஒப்பந்தத்தின்கீழ் பின்பற்றப்படும் முறை இதற்கு நல்ல முன்மாதிரி. கரையில் 100 மீட்டர் நீளம் வரையறுக்கப்படுகிறது; ஆண்டுக்கு நான்கு முறை அதே நூறு மீட்டரில் கிடப்பவை அனைத்தும், மூடி, பாட்டில், கயிறு, காது குடையும் பஞ்சுக் குச்சி என்று வகைவாரியாக எண்ணப்படுகின்றன. இப்படித் திரண்ட எண்ணிக்கைகளை வைத்துத்தான், நூறு மீட்டருக்கு 20 பொருள்களுக்குக் குறைவாக இருந்தால் கரை நல்ல நிலையில் இருப்பதாகக் கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் ஒரு வரம்பை வகுத்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களைக் குறித்த 2019ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டத்துக்கும் இத்தகைய எண்ணிக்கையே அடித்தளம். அதிகமாகக் கிடைத்த பத்து வகைப் பொருள்களும் மீன்பிடிச் சாதனங்களும் சேர்ந்து கடற்குப்பையில் ஏறத்தாழ 70 சதவீதம் என்பது, கரையில் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணியவர்களால் தெரியவந்த உண்மை. வெறும் எடையை மட்டும் எழுதியிருந்தால் எதைத் தடை செய்ய வேண்டும் என்பதே தெரிந்திருக்காது. பஞ்சுக் குச்சிக்கு எடை ஏது?

ஆனால் எண்ணிக்கையும் நம்மை ஏமாற்றக்கூடியது. அலை ஒதுக்கிய பாசிக் கோட்டின் ஓரமாக மண்டியிட்டுத் தெர்மாகோல் பொறுக்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விரல் பட்டதும் துண்டு உடைகிறது. உடைந்த துண்டிலிருந்து வெள்ளை மணிகள் உதிர்ந்து ஈரப் பாசியில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பதற்குள் இன்னும் சில காற்றில் உருண்டு ஓடிவிடுகின்றன. நேற்று ஒன்றாகக் கிடந்த பலகை இன்று இருநூறாகக் கணக்கில் ஏறலாம். குப்பை ஒரு கிராம்கூடக் கூடியிருக்காது, எண்ணிக்கை மட்டும் எகிறியிருக்கும். ஆகவே எத்தனை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டை எண்ணுவது, உடைந்ததை எந்த வகையில் சேர்ப்பது, புயலுக்குப் பிந்தைய வாரத்தை எப்படிக் குறிப்பது என்பவற்றையெல்லாம் முதல் நாளிலேயே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். இடையில் விதியை மாற்றினால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் உழைப்பு ஒப்பிட உதவாமல் போய்விடும்.

மொத்த எண்ணைவிட அதன் உட்பிரிவே அதிகம் பேசும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று கடலடியிலிருந்து வந்தது. வடமேற்கு ஐரோப்பியக் கடல்களில் மீன்வள ஆய்வுக்காக இழுக்கப்பட்ட வலைகளில் சிக்கிய குப்பையை 1992 முதல் 2017 வரை 25 ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் பைகள் குறைந்துவந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பிளாஸ்டிக் குப்பையின் மொத்தத்தில் ஏற்றமோ இறக்கமோ உறுதியாகத் தென்படவில்லை. ஏனெனில் மீன்பிடி சார்ந்த கழிவு போன்ற வேறு வகைகள் கூடியிருந்தன. மொத்தத்தை மட்டும் பார்த்தவர் பைகளுக்கு எதிரான முயற்சிகள் வீண் என்றிருப்பார். பைகளை மட்டும் பார்த்தவர் வெற்றி விழா எடுத்திருப்பார். ஐரோப்பாவின் வட கடல் ஓரத்தில் இறந்து ஒதுங்கும் ஃபுல்மார் என்னும் கடற்பறவைகளின் இரைப்பையை ஆராய்கிறவர்களும் இதையே செய்கிறார்கள்: தொழிற்சாலை மூலப்பொருளான சிறு மணிகளையும், பயன்படுத்தி எறிந்த பொருள்களின் துண்டுகளையும் தனித்தனியே எடை போடுகிறார்கள். 0.1 கிராமுக்கு மேல் பிளாஸ்டிக் உள்ள பறவைகள் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஓஸ்பார் வைத்துள்ள நீண்டகால இலக்கு. இலக்கு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அடைந்தோமா இல்லையா என்று தராசு சொல்லிவிடும்.

இதற்கு நேர்மாறாக, ஐக்கிய நாடுகளின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 14.1ஆவது, 2025ஆம் ஆண்டுக்குள் கடல் மாசைத் தடுத்து 'குறிப்பிடத்தக்க அளவில்' குறைக்க வேண்டும் என்கிறது. எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு என்று அந்த வாசகத்தில் இல்லை.

உலக அளவிலான மதிப்பீடுகளைப் படிக்கும்போது மிகுந்த கவனம் தேவை. 2010ஆம் ஆண்டில் நிலத்திலிருந்து கடலுக்குள் சென்ற பிளாஸ்டிக் 48 லட்சம் டன் முதல் 1 கோடியே 27 லட்சம் டன் வரை இருக்கலாம் என்று 2015இல் வெளியான ஆய்வு கணித்தது. ஆறுகள் வழியாக ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் வரை செல்கிறது என்றது 2021ஆம் ஆண்டின் ஆய்வு. 2023இல் வந்த மற்றொன்று ஆண்டு வரவை ஏறத்தாழ 5 லட்சம் டன் என்றது. இவற்றை வரிசையாக அடுக்கி "பாருங்கள், குறைந்துவிட்டது" என்று யாரேனும் சொன்னால் அது பெரும் பிழை. மாறியது கணக்கிடும் முறையும் கணக்கில் சேர்த்த பொருளும்தான். அதோடு, கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இவ்வளவு அகன்ற இடைவெளி இருக்கையில், உண்மையாகவே கால்பங்கு குறைந்திருந்தாலும் அது அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளும்.

வரவையும் இருப்பையும் குழப்பிக்கொள்வது இன்னொரு சிக்கல். கடலில் ஏற்கனவே கிடப்பது இருப்பு. ஆண்டுதோறும் புதிதாகச் சேர்வது வரவு. வரவு பாதியாகக் குறைந்தாலும் இருப்பு கூடிக்கொண்டேதான் போகும். கூடும் வேகம்தான் தணியும். ஆண்டுகள் பல மிதந்து வந்த பழைய மூடி இன்றைய கரையில் ஒதுங்குவதால், இன்று ஒரு தடை முழுமையாக வெற்றி பெற்றாலும் கரையின் எண்ணிக்கையில் அது தெரியக் காலம் பிடிக்கும்.

ஆகவே முன்னேற்றத்தை முதலில் அளக்க வேண்டிய இடம் கரையல்ல, பிளாஸ்டிக் புறப்படும் குழாயின் வாய் என்பதே என் உறுதியான எண்ணம். எவ்வளவு உற்பத்தியாகிறது என்பது மதிப்பீட்டுக்குரிய மர்மமல்ல. ஆலை வாசலிலும் துறைமுகத்திலும் எடை போட்டு எழுதப்படும் எண். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான ஓஇசிடி அமைப்பின் கணக்குப்படி 2019இல் உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் 46 கோடி டன், கழிவானது 35.3 கோடி டன்; இழப்புகள் போக மறுசுழற்சியானது வெறும் 9 சதவீதம். 'இழப்புகள் போக' என்ற சொற்கள் முக்கியமானவை. தரம் பிரிக்கும் கூடத்துக்குள் நுழைந்த எடையையே மறுசுழற்சியின் எடையாகக் காட்டுகிறவர்கள் உண்டு. உள்ளே போனதில் எவ்வளவு மீண்டும் பொருளாக வெளியே வந்தது என்பதே உண்மைக் கணக்கு. பிளாஸ்டிக் மாசுக்கு முடிவு கட்டும் உலக ஒப்பந்தம் வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் தீர்மானம் நிறைவேறியது. 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனிவாவிலும் பேச்சு உடன்பாடின்றி முடிந்ததற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று, உற்பத்திக்கு வரம்பு வைக்கலாமா என்ற பிணக்கு. தெளிவாக அளக்கக்கூடிய இடத்திலேயே இணக்கம் வராதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எங்கள் குழுவின் தாளில் இப்போது மொத்த எடைக்கான கட்டம் கடைசிக்குப் போய்விட்டது. தேதி, வந்தவர்களின் எண்ணிக்கை, செலவிட்ட நேரம், முந்தைய வாரத்தின் காற்று, பிறகு பொருள்வாரியான எண்ணிக்கை என்று அது தொடங்குகிறது. வலைச் சுருள் கிடைத்தால் அதற்குத் தனி வரி. தெர்மாகோலுக்கு, முழுப் பலகை ஒரு வரி, உடைந்தது ஒரு வரி. மூன்று ஆண்டுத் தாள்கள் சேர்ந்திருக்கின்றன. பஞ்சுக் குச்சிகளின் வரி மெல்லக் கீழே இறங்குவதுபோல் தெரிகிறது. ஆனால் மூன்று ஆண்டுகளை வைத்து அதைச் சொல்லக் கூடாது என்பதால், இன்னும் யாரிடமும் சொல்லாமல் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.