ஜீனோ கேட்ட வவுச்சர்

ஜூன் 3

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். புது ஜாமெட்ரி பாக்ஸ் கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு சமபக்க முக்கோணம் போட்டாள். 6 செ.மீ. கோடு. ஒரு முனையில் காம்பஸை ஊன்றி ஒரு வில், மறுமுனையில் ஊன்றி இன்னொரு வில், இரண்டும் வெட்டுகிற இடத்திலிருந்து கீழே இரண்டு கோடு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நான் திறந்து பார்த்தேன். பென்சில் முனை மொட்டை. அதனால் உச்சியில் இரண்டு கோடுகளும் ஒரு மில்லிமீட்டர் தூரம் ஒரே கோடாக இறங்கி, அப்புறம்தான் பிரிகின்றன. கவட்டைக் குச்சியைத் தலைகீழாக நிறுத்தின மாதிரி.

ஏறக்குறைய இதே படத்தை வைத்துக்கொண்டு 2,100 வருடங்களுக்கு முன்னால் ஒரு கிழவர் யூக்ளிட்டோடு வம்புக்குப் போயிருக்கிறார். சிடோன் நகரத்து ஜீனோ. கொஞ்ச நாளாக இரவில் இந்த ஆட்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்: வடிவியலின் அஸ்திவாரத்தையே தட்டிப் பார்த்த கிரேக்கர்கள். படிக்கப் படிக்க இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூன் 5

முதல் ஆள் புரோடகோரஸ், கி.மு. 5ஆம் நூற்றாண்டு. அவர் எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை. அரிஸ்டாட்டில் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்: வளையம் அளவுகோலை ஒரு புள்ளியில் தொடுவதில்லை, புரோடகோரஸ் வடிவியலாளர்களை மறுத்துச் சொன்ன விதத்தில்தான் தொடுகிறது என்று.

மனைவியின் வளையல் ஒன்றை எடுத்து எவர்சில்வர் ஸ்கேலின் விளிம்பில் நிறுத்தி, ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் இரண்டு பக்கமும் மெல்லிய ஆப்பு போல உள்ளே வந்து ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருட்டு. கணக்கும் போட்டேன். ஆரம் 30 மி.மீ. என்றால், தொடும் இடத்திலிருந்து 1.7 மி.மீ. தள்ளிப் போனாலும் இடைவெளி 0.05 மி.மீ.தான், ஒரு தலைமுடி அளவு. கண்ணுக்கு அது இடைவெளியே இல்லை. ஆக, கண்ணை நம்புகிறவருக்குத் தொடுகோடு ஒரு புள்ளியில் தொடுவதாகச் சொல்வது வெறும் பேச்சு.

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் தெரிந்ததே: வடிவியல் பேசுவது இந்த வளையலைப் பற்றி அல்ல. சரி. அப்படியானால் எதைப் பற்றி? அந்த இடத்தில்தான், கண்ணுக்குத் தெரியாத வடிவங்களுக்குத் தனி உலகம் உண்டு என்று பிளாட்டோ கடை விரிக்கிறார். நான் அந்தப் பக்கம் இன்று போகவில்லை.

ஜூன் 6

அணுக் கொள்கைக்காரர் டெமோக்ரிட்டஸின் கூம்புக் கேள்வியை இரண்டு வரியில் எழுதிவிடலாம். கூம்பை அடிப்பக்கத்துக்கு இணையாக வெட்டினால் இரண்டு வெட்டுமுகங்கள் கிடைக்கும், மேல் துண்டின் அடியும் கீழ்த் துண்டின் தலையும். அவை சமமா, இல்லையா? சமமில்லை என்றால் கூம்பின் பக்கம் படிக்கட்டாகிவிடும். சமம் என்றால் எல்லா வெட்டும் சமமாகி, கூம்பு உருளையாகிவிடும். புளூடார்க் இதைப் பதிவு செய்திருக்கிறார். இதே டெமோக்ரிட்டஸ்தான், கூம்பின் கன அளவு அதே அடியும் உயரமும் கொண்ட உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்று முதலில் சொன்னவர். நிரூபணம் தராமல் சொன்னார் என்று ஆர்க்கிமிடீஸ் எழுதுகிறார். அஸ்திவாரத்தில் சந்தேகம் இருந்தும் கணக்கைச் சரியாகப் போட்ட மனிதர்.

ஜூன் 9

ஞாயிறு மதியம் கூடத்தில் படுத்துக்கொண்டு டைல்ஸை எண்ணினேன். இது எபிகூரஸுக்காக.

எபிகூரஸ் (கி.மு. 341–270) அணுக்களை நம்பியவர். அதோடு நிற்காமல், அணுவுக்குள்ளும் மிகச் சிறிய பங்கு ஒன்று உண்டு, அதற்குக் கீழே பிரிக்கவே முடியாது, மனத்தால்கூடப் பிரிக்க முடியாது என்றார். கோடு என்பது அந்த மாதிரிச் சிறு பங்குகளின் வரிசை என்றால் யூக்ளிட் கதை என்னவாகும்? அவருடைய ‘எலிமெண்ட்ஸ்’ நூலில் முதல் புத்தகத்தின் பத்தாவது தேற்றம், எந்தக் கோட்டையும் சரிபாதியாக வெட்டலாம் என்கிறது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் பங்குகள் இருந்தால்? நடுப்பங்கை யாருக்குக் கொடுப்பது? பாகப்பிரிவினையில் நடுவில் நிற்கும் ஒற்றைத் தென்னை மாதிரி.

எங்கள் கூடத்தில் 2 அடி டைல்ஸ். ஐந்துக்கு ஐந்து சதுரத்தை எடுத்துக்கொண்டால் ஒரு பக்கத்தில் 5 டைல்ஸ். மூலைவிட்டத்தில் எண்ணினாலும் 5 டைல்ஸ்தான். ஆனால் டேப் வைத்தால் பக்கம் 10 அடி, மூலைவிட்டம் 14 அடிக்குக் கொஞ்சம் மேலே. உலகம் இப்படிச் சின்னச் சின்ன டைல்ஸால் ஆனது என்றால், எண்ணுவதும் அளப்பதும் ஒத்துப்போகாது. எபிகூரஸ் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று மாலை காபி வரும்வரை யோசித்தேன். டைல்ஸை நம்பு, டேப்பை விட்டுவிடு என்றுதான் சொல்லியிருப்பார் என்று படுகிறது.

அவருடைய நெருங்கிய நண்பர் லாம்ப்சகஸ் ஊர் பொலியேனஸ். பெரிய கணித வல்லுநர் என்று பேர் எடுத்தவர். எபிகூரஸோடு சேர்ந்த பிறகு வடிவியல் முழுவதும் பொய் என்று நம்பிவிட்டாராம். இதைச் சொல்வது ரோமானிய எழுத்தாளர் சிசரோ. கூடவே ஒரு குத்தும் வைக்கிறார்: நண்பரை வடிவியலை மறக்கச் செய்ததற்குப் பதிலாக, எபிகூரஸ் அவரிடமே அதைக் கற்றிருக்கலாம் என்கிறார்.

ஜூன் 10

கழுதைக் கதையை மறந்துவிட்டேன். முக்கோணத்தில் இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவது பக்கத்தைவிடப் பெரிது என்பது இருபதாவது தேற்றம். எபிகூரஸ் கூட்டத்தார் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு மூலையில் கழுதை, இன்னொரு மூலையில் வைக்கோல். கழுதை நேராகப் போகுமா, மூன்றாவது மூலையைச் சுற்றிக்கொண்டு போகுமா? கழுதைக்கே தெரிந்ததற்கு நிரூபணம் எதற்கு?

இதற்குப் புரோக்ளஸ் தரும் பதில் எனக்குப் பிடித்தது. நெருப்பு சுடும் என்று தொட்டாலே தெரியும், எப்படிச் சுடுகிறது என்று தொட்டால் தெரியாது. புரோக்ளஸ் (கி.பி. 412–485) யூக்ளிட்டின் முதல் புத்தகத்துக்கு உரை எழுதியவர். எதிராளிகளின் வாதங்களை அவர் பொறுமையாக எடுத்தெழுதி மறுத்ததால்தான் இவர்களில் பாதிப்பேரின் சத்தம் நம் காதுக்கு எட்டுகிறது.

ஜூன் 14

சந்தேகவாதி செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் எழுதியதைப் படித்தேன். அலுப்பு. இலக்கணத்துக்கு எதிராக ஒன்று, இசைக்கு எதிராக ஒன்று, சோதிடத்துக்கு எதிராக ஒன்று, வடிவியலுக்கு எதிராக ஒன்று. எதைக் கொடுத்தாலும் இல்லை என்கிற ஆள். ஓர் இடம் மட்டும் உட்கார வைத்தது. அகலமில்லாத நீளம்தான் கோடு என்கிறார்கள். சுவரின் அகலத்தை நினைக்காமலே அதன் நீளத்தை நினைக்க முடியுமே என்று அரிஸ்டாட்டில் சமாதானம் சொல்லியிருந்தார். செக்ஸ்டஸ் விடவில்லை: அகலத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம், ஆனால் முழுவதும் எடுத்துவிட்டால் மனத்தில் நீளமும் சேர்ந்து போய்விடுகிறதே என்கிறார். கண்ணை மூடி முயன்று பார்த்தேன். மெல்லிய கறுப்பு நூலுக்குக் கீழே என்னால் போக முடியவில்லை.

ஜூன் 19

இன்று ஜீனோ. மூன்று நாளாக இந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

முதலில், அக்கிலிஸால் ஆமையைப் பிடிக்கவே முடியாது என்று புதிர் போட்ட ஜீனோ வேறு. ஸ்டோயிக் என்கிற தத்துவப் பள்ளியை ஆரம்பித்த ஜீனோவும் வேறு. இவர் இன்றைய லெபனானில் இருக்கும் சிடோனில் பிறந்து, ஏதென்ஸில் எபிகூரஸ் பள்ளிக்குத் தலைமை தாங்கியவர். கி.மு. 79இல் இளைஞன் சிசரோ போய் இவர் பேசியதைக் கேட்டிருக்கிறான். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. சாக்ரடீஸை ஏதென்ஸ் கோமாளி என்பாராம். ஸ்டோயிக் பெரியவர் கிரிசிப்பஸைப் பெண்பாலில் கிரிசிப்பா என்றுதான் கூப்பிடுவாராம்.

இப்படிப்பட்டவர் வடிவியலில் கை வைத்தபோது மட்டும் ஆச்சரியமான நிதானம். மற்ற எபிகூரஸ்காரர்கள் ஆரம்பக் கூற்றுகளையே ஒப்புக்கொள்ளவில்லை. ஜீனோ, சரி, உன் ஆரம்பக் கூற்றுகளை எல்லாம் தந்தேன் என்கிறார். அப்புறமும் நீ சொல்வது வராது, நீ சொல்லாத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வரும் என்கிறார்.

நான் பிழைப்புக்குச் செய்வது கணக்குத் தணிக்கை. எனக்கு இந்தக் குரல் நன்றாகத் தெரியும். ஆரம்ப இருப்பை நான் சந்தேகிக்கவில்லை சார், இந்த ஒரு பற்றுக்கு மட்டும் வவுச்சர் எங்கே?

எந்தப் பற்று? யூக்ளிட்டின் முதல் தேற்றம், மகள் போட்ட அதே முக்கோணம். கோட்டின் முனைகள் ‘அ’, ‘ஆ’. வட்டங்கள் வெட்டும் உச்சி ‘உ’. உச்சியிலிருந்து இரண்டு முனைகளுக்கும் கோடு போடுகிறோம். ஜீனோ கேட்கிறார்: இந்த இரண்டு நேர்கோடுகளும் உச்சியிலிருந்து கொஞ்ச தூரம் ஒன்றாகவே வந்து, ‘எ’ என்கிற இடத்தில் பிரிந்தால்? அப்போது முக்கோணம் ‘எ’யிலிருந்துதான் தொடங்குகிறது. அதன் இரண்டு பக்கங்களும் அடிப்பக்கத்தைவிடச் சின்னவை. சமபக்கம் போயிற்று. இரண்டு நேர்கோடுகள் ஒரு துண்டைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று எங்கே எழுதியிருக்கிறாய்?

யூக்ளிட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் எடுகோள்: எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் நேர்கோடு வரையலாம். ஒன்றுதான் வரையலாம் என்று இல்லை. இரண்டாவது: கோட்டை நேராக நீட்டிக்கொண்டே போகலாம். ஒரே வழியில்தான் நீளும் என்று இல்லை. பதினொன்றாவது புத்தகத்தின் முதல் தேற்றத்தில் இரண்டு கோடுகளுக்குப் பொதுத் துண்டு இருக்க முடியாது என்று அவரே பயன்படுத்துகிறார். வவுச்சர் என்று அங்கே இருப்பது ஒரே வரி: வட்டம் போட்டால் விட்டங்கள் சமமில்லாத வில்களை வெட்டும் என்று.

ஜூன் 20

பொசிடோனியஸ் ஸ்டோயிக், ரோட்ஸ் தீவில் பள்ளி நடத்தியவர். ஜீனோவின் வாதம் உளுத்துப்போனது என்று காட்ட ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அது இப்போது இல்லை. ஜீனோ எழுதியதும் இல்லை. இரண்டு பேர் சண்டைக்கும் சாட்சி ஐந்நூறு வருடம் கழித்து வந்த புரோக்ளஸ்.

புரோக்ளஸ் தரும் பதில்களில் ஒன்று இது. இரண்டு கோடுகள் ஒரு துண்டைப் பகிர்ந்துவிட்டுப் பிரிகின்றன என்று வை. பிரியும் இடத்தை மையமாக்கி, அந்தத் துண்டை ஆரமாக்கி ஒரு வட்டம் போடு. இப்போது இரண்டு கோடுகளுமே விட்டங்கள். விட்டம் வட்டத்தைப் பாதியாக்கும். ஆக இதுவும் பாதி, அதுவும் பாதி. ஆனால் ஒன்று இன்னொன்றுக்குள் அடங்கியிருக்கிறது. பகுதி முழுமைக்குச் சமம் ஆகாதே. முடிந்தது.

அழகுதான். ஆனால் ஜீனோவுக்கு இங்கேயும் பேச இடம் இருக்கிறது: விட்டம் வட்டத்தைப் பாதியாக்கும் என்று எப்படித் தெரியும்? ஒரு பாதியை மடித்து இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தால் பொருந்தும் என்றுதானே? இரண்டு வளைவுகள் கொஞ்ச தூரம் ஒட்டி வந்துவிட்டுப் பிரியாது என்று அங்கே முன்கூட்டியே எடுத்துக்கொண்டாயே. ஒரு வவுச்சர் கேட்டால் வவுச்சர் இல்லாத இன்னொரு பற்றைக் காட்டுகிறார்கள். என் மேசைக்கும் இப்படித்தான் வரும்.

ஜூன் 22

1899இல் ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் வடிவியலை அடியிலிருந்து மறுபடி எழுதினார். இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடு என்பதை முதலிலேயே அடிகோளாக வெளிப்படையாக வைத்துவிட்டார். அதோடு ஜீனோவின் கவட்டை விழுந்துவிடுகிறது: ‘உ’வும் ‘எ’யும் இரண்டு கோட்டிலும் இருந்தால் அவை ஒரே கோடு. ஆனால் கவனிக்கணும், இது மறுப்பு இல்லை. கேட்ட வவுச்சரைப் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வேடிக்கை, அதே படத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஜீனோ அதைக் கேட்டதாகப் புரோக்ளஸிடம் இல்லை. இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் என்று யார் சொன்னது? விகிதமுறு எண்களால் குறிக்கக்கூடிய புள்ளிகள் மட்டுமே இருக்கும் ஒரு தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் 1 என்றால் உச்சியின் உயரம் மூன்றின் வர்க்கமூலத்தில் பாதி. அது விகிதமுறா எண். உச்சி இருக்கவேண்டிய இடத்தில் புள்ளியே இல்லை. வட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் ஊடுருவிப் போய்விடும். அத்தனை சூட்டிகையான ஆள் இதை எப்படி விட்டார்?

ஜூன் 26

ஜீனோவின் மாணவர் ஃபிலோடெமஸ், இத்தாலிக்குப் போனவர். கி.பி. 79இல் அங்கே வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியத்தில் ஒரு மாளிகை நூலகத்தோடு புதைந்தது. உள்ளே பெரும்பாலும் இவர் எழுதியவை. (சிசரோ ஜீனோவைக் கேட்டது கி.மு. 79. இந்த ஒற்றுமையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்க்கப் பிடிக்கிறது.) 1750களில் தோண்டியெடுத்த சுருள்கள் அடுப்புக்கரி போல இருந்தன. பொலியேனஸ் எழுதிய புதிர்களைப் பற்றி டெமெட்ரியஸ் என்கிற எபிகூரஸ்காரர் எழுதியதும் அங்கே துண்டு துண்டாகக் கிடைத்திருக்கிறது. சுருட்டிய நிலையிலேயே எக்ஸ்-ரே எடுத்து, 2023இல் ஒரு சுருளுக்குள்ளிருந்து ‘ஊதா’ என்ற சொல்லைப் படித்துவிட்டார்கள். எனக்கு வேண்டியது ஜீனோவின் ஒரு பக்கம்.

ஜூன் 29

மகளிடம் கவட்டைப் படத்தைக் காட்டினேன். “உச்சியிலேர்ந்து ஒரு சென்டிமீட்டர் ரெண்டு கோடும் ஒண்ணாவே வருதுன்னு வெச்சுக்கோ.”

“ஸ்கேல் வெச்சா அப்படி வராதுப்பா.”

“ஸ்கேலை நம்பாம சொல்லு.”

பேசாமல் பென்சிலைச் சீவினாள். 6 செ.மீ. முக்கோணம் போட்டு, உச்சியிலிருந்து நேர் கீழே 1 செ.மீ. அளந்து ‘எ’ குறித்தாள். அங்கிருந்து முனைக்கு ஸ்கேல் வைத்தாள்.

“முழுக்கோடு ஆறு. அதுல ஒண்ணு போச்சு. மீதி அஞ்சு வரணும் இல்ல? இங்க பாரு, அஞ்சு புள்ளி ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மியா வருது. டேலி ஆகல.”

அவள் காகிதத்தில் போட்டது ‘எ’யில் ஒடிந்த கோடு, ஜீனோ சொல்வது ஒடியாமலே பிரியும் கோடு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஸ்கேலைத் திருப்பிப் போட்டு, அந்த ஒன்றரை மில்லிமீட்டரை மறுபடி அளக்க ஆரம்பித்துவிட்டாள்.