ஏழடிப் பலகை நாலு

சின்னக்காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) நேற்று சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் சீதக்காதி சாலை முக்கில் காரோடு வந்து நின்றார். அங்கிருந்து வீடு முந்நூறு மீட்டர். கார் வாசலைத் தொட்டபோது ராத்திரி இஷா பாங்கு சொல்லிவிட்டார்கள். நடுவில் மஃரிப் ஒன்று வந்து போனது. தொழப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தால் கார் போன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

லம்போர்கினி ஹூராக்கன். துபாய் நம்பர், வெளிநாட்டுக் காரைத் தற்காலிகமாகக் கொண்டுவரும் ஆறு மாத கார்னே பத்திரம், இடது பக்கம் ஸ்டியரிங். 5.2 லிட்டர், பத்து சிலிண்டர், 610 குதிரை. அதில் ஒரு குதிரைக்குக்கூட நம்ம தெருவில் காலை நீட்டிப் படுக்க இடம் கிடையாது. பக்கக் கண்ணாடிகளை விரித்தால் ஏழடி நாலங்குலம், மடக்கினால் ஆறடி நாலங்குலம். தெரு ஒன்பதடி. அதிலும் எதிர்வீட்டு லாத்தாவின் (அக்காவின்) தண்ணீர்க் குடங்கள் ஒன்றரை அடியைப் பட்டா போட்டு வைத்திருக்கின்றன. ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் சாக்கடை ஓரம் காக்காவுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்தது. எதிரே வந்த மீன் ஆட்டோதான் தெரியவில்லை.

இதெல்லாம் சில்லறை. வில்லன் பள்ளிவாசல் திருப்பத்தில் படுத்திருந்தார்.

வேகத்தடைக்கு ஐஆர்சி 99 என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் போட்ட ஒரு கணக்கு இருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கலாம். ஹூராக்கனின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.62 மீட்டர். அப்படிப்பட்ட தடை என்றால் கார் முழுசாக அதன் மேல் ஏறி நின்று, சலாம் சொல்லிவிட்டு இறங்கிவிடும். நம்ம திருப்பத்தில் இருப்பது அந்த ஜாதி இல்லை. பைக் பையன்கள் மேல் உள்ள கோபத்தில், வீட்டு வேலையில் மிஞ்சின கான்கிரீட்டை ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டித் தட்டினது. அகலம் ரெண்டடி, உயரம் 15 சென்டி. புதைத்த கபுறு மேடு மாதிரி இருக்கும். சிமெண்ட் மூட்டை எந்த வீட்டிலிருந்து போனது என்பது தெருவுக்கே தெரியும். சின்னக்காக்காவின் வாப்பா திண்ணையில் உட்கார்ந்து, எதுவுமே நடக்காத மாதிரி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

காரின் வயிற்றுக்கும் தரைக்கும் சுமார் பன்னிரண்டரை சென்டி. மூக்கைத் தூக்குகிற பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கியதும் முன்பக்கம் நாலு சென்டி எழும்பியது. பையன்கள் கைதட்டினார்கள். ஆனால் எழும்புவது மூக்கு மட்டும்தான், பின்பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். முன்சக்கரம் தடையைத் தாண்டி, தடை நடுவயிற்றுக்குக் கீழே வரும்போது அந்த நாலு அங்கே ரெண்டாகிவிடும். பன்னிரண்டரையும் ரெண்டும் பதினாலரை. தடை பதினைந்து. இந்த அரை சென்டிக்காகத்தான் மஃரிப் வந்து போனது.

குறுக்காக ஏற்றலாமே என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நல்ல யோசனைதான். தாழ்ந்த காரை நேராக ஏற்றக்கூடாது. முப்பது டிகிரி சாய்வில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினால் மூக்கு தப்பிக்கும். ஆனால் நாலரை மீட்டர் காரை அப்படித் திருப்பத் தெரு பதிமூன்றடியாவது வேண்டும். சாக்கடை மூடியையும் தெருவாகச் சேர்த்துக்கொள்வோம் என்று ஒருத்தர் சொன்னார். அந்தக் காரின் பின்சக்கரம் ஒன்றின் மேல் மட்டும் 400 கிலோவுக்கு மேல் பாரம் உட்கார்ந்திருக்கிறது, எஞ்சின் பின்னால் இருப்பதால். மூடி ஒன்றரை அங்குலக் கடப்பைக் கல். யோசனை சொன்னவர் கல்யாண வீட்டுப் பந்தல் கான்ட்ராக்ட் எடுப்பவர். அவர் கட்டின பந்தல்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

இதற்குள் காக்கா ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடி இஞ்ச் இஞ்சாக முன்னே பின்னே ஊர்ந்துகொண்டிருந்தார். செய்யக்கூடாதது இதுதான். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், ஊர்ந்தால் கிளட்ச் வழுக்கிச் சூடேறும். ஒரு சின்னத் தள்ளு, முழு பிரேக், நியூட்ரல் என்றுதான் போக வேண்டும். டயரும் பயந்த டயர். முன்டயரின் பக்கச் சுவர் மூன்றங்குலம்கூடக் கிடையாது, ஆல்ட்டோவுக்கே நாலரை இருக்கிறது. கூரான விளிம்பில் ஏறினால் அடி நேராக ரிம்முக்குப் போய்விடும். சீமைக்கருவேல முள் நடுவில் குத்தினால் பஞ்சர் திரி போட்டு ஓட்டலாம், பக்கச் சுவரில் குத்தினால் டயரையே மாற்ற வேண்டும். ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கடைத் தம்பி ஜாக்கியோடு தயாராக நின்றான். ஜாக்கி காருக்கடியில் நுழையவே இல்லை.

படகு கட்டுகிற ஓடாவி மாமா வந்தது அப்போதுதான். மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் நாலு நாள் என்பதால் கரையில் ராப்பகலாக விசைப்படகு வேலை. சாயாவுக்கு வந்தவர், காரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தரையில் குந்தி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். லிஃப்ட்டையும் கேட்கவில்லை, டிகிரியையும் கேட்கவில்லை.

"அடி ஒசரமில்ல மாப்ள, அவ்வளவுதான். ஏழடிப் பலகை நாலு கொண்டாங்க."

ரெண்டங்குல கனம். தடைக்கு முன்னால் சக்கரத்துக்கு ஒன்றாக ரெண்டு, பின்னால் ரெண்டு. கார் ஏறும் முனையை வாய்ச்சியால் சரிவாகச் சீவிவிட்டார், ரிம் தப்பிக்க. ஏழடி ஏன் என்றால், முன்சக்கரம் இறங்கினதிலிருந்து பின்சக்கரம் தடையைத் தொடும் வரை கார் ரெண்டு மீட்டர் நகர வேண்டும். அத்தனை தூரமும் நாலு சக்கரமும் பலகை மேலேயே இருந்தால்தான் வயிற்றுக்கு அந்த அஞ்சு சென்டி கிடைக்கும். பலகை நழுவாமல் இருக்க அடியில் நனைத்த சாக்கு. எதிர்வீட்டு லாத்தாவின் குடத்துத் தண்ணீரில்தான் சாக்கை நனைத்தார்கள். குடம் பத்து ரூபாய் காவிரித் தண்ணீர். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

கார் ஏறியது, நகர்ந்தது, இறங்கியது. ஒரு கீறல் இல்லை. தெருவே தக்பீர் சொல்லாத குறை.

இன்று காலையில்தான் காக்காவுக்கு ஞாபகம் வந்தது, போன கார் திரும்பி வெளியே வந்தாக வேண்டும் என்று. நேரே கரைக்குப் போனார். பலகை நாலும் விசைப்படகின் அடியில் ஏறி, ஆணி அடித்து, பஞ்சு திணித்தாகிவிட்டது. ஜூன் 14 நள்ளிரவு மீன்பிடித் தடை முடிந்ததும் படகு கடலுக்குப் போகிறது. ரெண்டு பலகையில் டயர் தடம் பளிச்சென்று பதிந்திருந்ததாம். இழைக்கக்கூட இல்லையே மாமா என்று கேட்டிருக்கிறார்.

"கெடக்கட்டும் மாப்ள. கடல்ல வழுக்காம போகும்."