தாமரை போட்ட கல்

வியட்நாமின் டா நாங் நகரத்துக்குக் கொரியர்கள் கேலியாக ஒரு முகவரி வைத்திருக்கிறார்கள்: 'கியொங்கி மாநிலம், டா நாங் நகரம்'. சியோலைச் சுற்றியிருக்கும் மாநிலம்தான் கியொங்கி. அதன் தலைநகரமான சுவோனில்தான் பதினோரு வருஷமாக இருக்கிறோம். ஆக, 2025 ஜனவரியில் சொல்லால் எனும் கொரியப் புத்தாண்டு விடுமுறைக்கு நாலரை மணி நேரம் பறந்து போயும் நாங்கள் மாநில எல்லையைத் தாண்டவில்லை. ஹான் மார்க்கெட்டில் முந்திரி விற்கிற அம்மா விலையைக் கொரிய மொழியில் சொன்னார். என் மனைவி கொரிய மொழியிலேயே பேரம் பேசி, கோவில்பட்டிக்காரி என்பதை நிரூபித்தாள்.

பா நா மலை, தங்கப் பாலம், தேங்காய்க் காபி எல்லாம் ஆயிற்று. மூன்று நாளும் தூறல். கடைசி நாள் காலையில் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. "ஏங்க, லீவுல வந்து கல்லறைக்கா?" என்று மனைவி கேட்டாள். கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு அவளும் வந்தாள்.

ஹோய் ஆன் போகும் கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டுகளைத் தாண்டி உள்ளே திரும்பினால் ஹா மீ என்ற ஊர். மணல் பூமி. 1968 பிப்ரவரியில், வியட்நாம் போரில் கம்யூனிஸ்ட் படைகளின் டெட் தாக்குதல் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அமெரிக்காவுக்குத் துணையாக வந்திருந்த கொரிய மரைன் படையின் நீல டிராகன் பிரிவு இந்த ஊரில் 135 பேரைக் கொன்றது. பெரும்பாலும் கிழவிகள், பெண்கள், குழந்தைகள். தப்பித்தவர்கள் அவசரமாகப் புதைத்த உடல்களின் மேல் படையினர் புல்டோசர் ஏற்றினார்கள். ஊர்க்காரர்களுக்குக் கொலையைவிட இது ஆறவில்லை என்று எங்கோ படித்திருந்தேன். பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நினைவு மண்டபம் சின்ன கோயில் மாதிரிதான். வியட்நாமியருக்கும் அப்போது புத்தாண்டு என்பதால், மண்மேடுகளைச் சுத்தம் செய்து மஞ்சள் பூ வைத்திருந்தார்கள். நடுவே நிற்கும் கல்லின் ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள், பக்கத்தில் பிறந்த வருஷம். பெயர் வைப்பதற்குள் போய்விட்ட சிசுக்களும் அந்தப் பட்டியலில் உண்டு. கார் ஓட்டி வந்த தம்பி கேட்காமலே ஊதுபத்தி வாங்கி வந்து கொடுத்தார்.

நான் பார்க்க வந்தது கல்லின் பின்பக்கத்தை. அங்கே எழுத்து கிடையாது. தாமரைப் பூக்கள் வரைந்த ஒரு பலகை. அழகாகவே இருக்கிறது.

இந்த மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் கொரியாவின் முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒன்று. 2000-ஆம் ஆண்டு வாக்கில் கட்டி முடிக்கும்போது, ஊர்க்காரர்கள் கல்லின் பின்பக்கத்தில் நடந்ததை நடந்தபடி செதுக்கிவிட்டார்கள், புல்டோசர் உள்பட. பணம் கொடுத்தவர்களுக்கு அது ஆகவில்லை. எழுத்தை மாற்றச் சொன்னார்கள். ஊர் மறுத்தது. கடைசியில் ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தையையும் திருத்தாமல், மொத்தமாகத் தாமரையால் மூடிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷமாக வாசகம் உள்ளேதான் இருக்கிறது.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து கொரியப் பள்ளிதான். கதையைக் கேட்டுவிட்டு, "அப்பா, இதை நம்ம நாட்டு ஆர்மியா செஞ்சாங்க?" என்றாள். நம்ம நாடு என்று அவள் சொன்னது கொரியாவை. 'உரி நாரா' என்று பள்ளியில் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். அதைத் திருத்தவா, கேள்விக்குப் பதில் சொல்லவா என்று ஒரு நொடி முழித்தேன். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

அவளுக்கு அதிர்ச்சி வந்ததில் நியாயம் உண்டு. அவள் வகுப்பில் சியோலுக்குக் கூட்டிப்போய்ச் சிறுமி சிலையைக் காட்டியிருக்கிறார்கள். ஜப்பான் ராணுவம் 'ஆறுதல் பெண்கள்' என்று பெயரிட்டு இழுத்துப்போய்ப் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களின் நினைவாக, ஜப்பான் தூதரகம் இருந்த இடத்துக்கு எதிரே 2011 டிசம்பரில் வைத்த சிலை. குதிகால் தரையில் படாத வெறும் கால், தோளில் ஒரு குருவி, பக்கத்தில் காலி நாற்காலி. 1992 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அங்கே கூடுகிறார்கள். நானும் ஒரு புதன்கிழமை லீவு போட்டுப் போய் நின்றிருக்கிறேன்.

2019-இல் இந்த விவகாரம் என் மேஜைக்கே வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியர்களைக் கட்டாய வேலை வாங்கிய ஜப்பான் எஃகு கம்பெனி ஆளுக்கு 10 கோடி வோன் தர வேண்டும் என்று கொரிய உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அடுத்த ஜூலையில் ஜப்பான் மூன்று பொருள்களின் ஏற்றுமதியை இறுக்கியது. அதில் ஒன்று ஃபோட்டோரெசிஸ்ட். சிப் செய்யும் தொழிலில் அது இல்லாமல் ஒரு கோடு வரைய முடியாது. கையிருப்பு இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்குப் போடுவதே எனக்கு வேலையாகிவிட்டது. வெளியே 'போகமாட்டோம், வாங்கமாட்டோம்' பேனர்கள். நாலு கேன் பத்தாயிரம் வோன் சலுகையிலிருந்து ஜப்பான் பீரைக் கடைகள் தூக்கிவிட்டன. டாக்ஸிக்காரர்கள் வாயிலும் 'ஜிசோமியா'. அது இரு நாடுகளும் ராணுவத் தகவல் பகிர்ந்துகொள்ள 2016-இல் போட்ட ஒப்பந்தம். அதை முறிப்பதாகக் கொரியா அறிவித்தது. அமெரிக்கா கொடுத்த நெருக்கடியில், காலாவதியாக ஆறு மணி நேரம் இருக்கும்போது முடிவை நிறுத்திவைத்தது.

அப்புறம் 2023 மார்ச்சில் புது ஜனாதிபதி ஒரு வழி கண்டுபிடித்தார். ஜப்பான் கம்பெனிகள் தர வேண்டிய பணத்தைக் கொரிய அறக்கட்டளை ஒன்றே தரும். அதே மாதம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை ஜப்பான் விலக்கியது. ஆகஸ்டில் அமெரிக்க, ஜப்பான், கொரியத் தலைவர்கள் மூவரும் கேம்ப் டேவிட்டில் சேர்ந்து நின்றார்கள். எனக்குச் சரக்கு ஒழுங்காக வர ஆரம்பித்தது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன், பொய் சொல்வானேன்.

அந்த வருஷத்திலேயே இன்னொரு தீர்ப்பும் வந்தது. பிப்ரவரி 7, சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றம். ஹா மீக்குச் சற்றுத் தள்ளி ஃபோங் நி என்ற ஊர். அங்கே 1968-இல் இதே நீல டிராகன் படை எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஏழெட்டு வயதில் வயிற்றில் குண்டு பாய்ந்து பிழைத்த பெண்மணி வழக்குப் போட்டிருந்தார். அவருக்கு 3 கோடி வோன் தரச் சொன்னது நீதிமன்றம். நம் பணத்தில் இருபது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. 2025 ஜனவரி 17-இல், நாங்கள் டா நாங்குக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, அங்கேயும் தோற்றது.

கொரிய அரசு வைத்த வாதங்களைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலாவதியான விவகாரம் என்றார்கள். கொரியச் சீருடை போட்டு வந்த எதிர்த்தரப்பு வியட்காங் கெரில்லாக்களாக இருக்கலாம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கொரியாவும் தென் வியட்நாமும் 1965-இல் போட்ட ராணுவ ஒப்பந்தப்படி தனிநபர் வழக்கே போட முடியாது என்றார்கள். ஜப்பான் கொரியர்களிடம் நீட்டுவதும் ஒரு 1965 காகிதம்தானே! 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் அன்றைக்கே கொடுத்தாயிற்று, கணக்கு தீர்ந்தது என்பதுதான் டோக்கியோ இன்றுவரை சொல்லும் பதில்.

ஒரே வருஷம் என்பது தற்செயல் இல்லை. சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் எதிராகத் தன் இரண்டு தோழர்களும் சண்டையில்லாமல் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா ஆசைப்பட்டது. வியட்நாமில் தன்னோடு நிற்க ஆளும் தேடியது. அன்றைய கொரிய ஜனாதிபதி பார்க் சுங்-ஹீக்குத் தொழிற்சாலை கட்டப் பணம் வேண்டும். ஜூனில் ஜப்பானோடு கையெழுத்து. இலையுதிர் காலத்தில் வியட்நாமுக்குக் கப்பல். ஜப்பான் பணத்தில் பிறகு எஃகு ஆலை எழுந்தது போஹாங்கில். நீல டிராகன் படையைத் திரட்டியதும் அதே போஹாங்கில். 1973 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியர்கள் வியட்நாம் போய்வந்தார்கள். வெளிநாட்டுப் படியை அமெரிக்கா கொடுத்தது. சுமார் 5,000 பேர் திரும்பவில்லை.

ஜப்பான் முப்பத்தைந்து வருஷம் கொரியாவையே ஆண்டு உறிஞ்சியதும், கொரியா அடுத்தவன் போருக்குக் கூலிக்குப் போய்ச் செய்ததும் ஒன்றில்லை. நானும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் எடுத்து நீட்டுகிற காகிதம் ஒன்றாகவே இருக்கிறது. வியட்நாம் அரசும் இதைக் கிளறுவதில்லை. பழையதை மூடிவைத்து எதிர்காலத்தைப் பார்ப்போம் என்பது அவர்கள் கொள்கை. அங்கே அதிகமாக முதலீடு செய்திருக்கும் நாடு கொரியா.

இதையெல்லாம் மீறியவர்கள் சில கிழவிகள். ஆறுதல் பெண்களாக இழுத்துச் செல்லப்பட்ட கிம் போக்-தோங், கில் வொன்-ஒக் இருவரும், எங்கள் வீரர்களால் கெடுக்கப்பட்ட வியட்நாம் பெண்களிடம் கொரியக் குடிமக்களாக மன்னிப்புக் கேட்கிறோம் என்று 2014-இல் சொன்னார்கள். ஜப்பானிடமிருந்து தங்களுக்கு வர வேண்டியது வந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை. சிறுமி சிலையைச் செய்த சிற்பி தம்பதி, இறந்த சிசுவை ஏந்திய வியட்நாம் தாயின் சிலையையும் செய்தார்கள். அது ஜெஜு தீவில் இருக்கிறது. என் மகள் வகுப்பில் அங்கே கூட்டிப்போனதில்லை.

எங்கள் தீம்ஜாங்நிம், அதாவது டீம் தலைவர், தங்கமான மனிதர். என் விசா சிக்கலானபோது மூன்று அலுவலகம் ஏறி இறங்கியவர். ஒரு கம்பெனி விருந்தில், மூன்றாவது சோஜு பாட்டிலுக்குப் பிறகு, தன் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நீல டிராகன் படை. இருபத்திரண்டு வயதில் போனாராம். அவர் அனுப்பிய பணத்தில்தான் தாத்தா மாடு வாங்கினார், அத்தைமார் பள்ளிக்குப் போனார்கள். இப்போது அவருக்கு உடம்பெல்லாம் தோல் நோய். ஏஜென்ட் ஆரஞ்ச், காட்டின் இலைகளை உதிர்க்க அமெரிக்கா அங்கே தெளித்த விஷம். ராத்திரியில் கத்துவார் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

திங்கட்கிழமை வழக்கம்போல் முந்திரிப் பாக்கெட்டை டீமுக்குக் கொடுத்தேன். போட்டோ காட்டுங்கள் என்றார்கள். போனைக் கொடுத்தேன். தங்கப் பாலம், மகள், மகளும் தேங்காய்க் காபியும். தீம்ஜாங்நிம் தள்ளிக்கொண்டே போய் தாமரையில் நின்றார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அழகா இருக்கே. எந்தக் கோயில்?"

"ஹோய் ஆன் பக்கம்" என்றேன். "ஒரு சின்ன ஊர்க் கோயில்."