காலையில் அறுந்து மதியம் உயிர்பெற்ற இணையம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மூன்றாவது மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. ஐஸ் வியாபாரிகளுக்கும் வலைக்கடைக்காரர்களுக்கும் ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் தொழில். மாதாந்திர 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி கெடு. அது தவறினால், வரி கட்ட வேண்டியவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் விழும். ஆகவே மார்கழிக் கடைசியில் எங்கள் இணைய இணைப்பு பழுதாகி, அது சரியாக 17 நாட்கள் பிடித்தது எனக்குச் சாதாரண எரிச்சலாக இருக்கவில்லை. அந்த மாதப் படிவங்களை மகளின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை வைத்துத்தான் ஒருவழியாகத் தாக்கல் செய்தேன்.

பழுதின் போக்கு விசித்திரமானது. இரவு பத்து மணிக்கு மேல் வேகம் தளரும், விடியற்காலையில் எந்தப் பக்கமும் திறக்காது, வெயில் ஏறியதும் தானாகவே சரியாகிவிடும். நிறுவனத்தின் ஆளோ பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார். தன் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துக் காட்டிவிட்டு, "லைன் நல்லாத்தான் இருக்கு சார், உங்க நம்பருக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்க" என்பார். முதல் இரண்டு முறையும் நம்பிச் சொல்லிவிட்டேன். அந்த எண் போய்ச் சேர்ந்தவுடன் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடுகிறது. மறுநாள் காலை அழைத்தால் புதிய புகாராக முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எந்த நேரத்தில் பழுது வருகிறதோ அந்த நேரத்தில் இணைப்பைப் பார்த்து உறுதி செய்யாமல், யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஓடிபியைச் சொல்லிவிடாதீர்கள்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர் செய்த உதவி இதைவிட மோசம். ரௌட்டரின் பின்புறத் துளையில் குண்டூசியைவிட்டுப் பத்து விநாடி அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். மின்சாரத்தை நிறுத்திப் போடுவது வேறு, அந்தத் துளையை அழுத்துவது வேறு. பின்னது ரௌட்டரில் பதிந்துள்ள எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும். எங்கள் இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதோடு போயின. அவற்றை நான் எழுதி வைத்திருக்கவில்லை, பேசியவரும் தம்மிடம் இல்லை என்று கைவிரித்தார். நன்றாக இயங்கும் மதிய நேரத்தையும் அன்று இழந்தேன். இணைப்பு நல்ல நிலையில் இருக்கும்போதே அவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதி ரௌட்டருக்கு அடியில் ஒட்டி வையுங்கள்.

மறுநாள் ரௌட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, பெரம்பூரில் இருந்த அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் காக்க வைத்த பிறகு, அங்கிருந்த இணைப்பில் மாட்டிப் பார்த்தார்கள். குறையில்லாமல் வேலை செய்தது. அமைப்புகளை மீண்டும் பதிந்து கொடுத்தவர், "இது பழைய மாடல் சார், புதுசு வாங்கிடுங்க" என்றார். தம் கண்ணெதிரே ஓடிய கருவியைத்தான் அப்படிச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு ரிச்சி தெருவுக்குப் போய் 1,800 ரூபாய்க்குப் புதிய ரௌட்டர் வாங்கினேன். அடுத்த நாள் விடிகாலையில் அதே கதை.

அதன் பிறகுதான், பழுது எங்கே இல்லை என்பதை நானே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க உட்கார்ந்தேன். முதலில் வைஃபையை விட்டுவிட்டு மடிக்கணினியை லேன் கேபிள் வழியாக ரௌட்டரில் செருகினேன். பழுது அப்படியே இருந்ததால் வைஃபை கழிந்தது. கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி விழுந்திருந்தால் அதற்கு ரௌட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள்; எனக்கு ஒழுங்காக 192.168 என்றே தொடங்கியது. 8.8.8.8 போன்ற எண் முகவரியிலிருந்து பதில் வந்து, தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் வராவிட்டால், பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் குறை இருக்கும். இங்கே இரண்டுமே திக்கின. பிறகு, பதில் திரும்புகிறதா என்று பார்க்கும் பிங் என்ற சிறு செய்தியை ரௌட்டருக்கு 100 முறை அனுப்பினேன், நூறும் திரும்பின. செய்தி போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையில் தெரிந்த அடுத்த படிக்கு, அதாவது நிறுவனத்தின் நுழைவாயில் கருவியான கேட்வேக்கு, அதே நூறை அனுப்பியபோது 38 காணாமல் போயின. நேரம் காலை 5.50. அதே சோதனையில் மதியம் ஒன்றுகூடத் தவறவில்லை. என் வீட்டு ரௌட்டருக்கும் அவர்கள் கருவிக்கும் நடுவில்தான் கோளாறு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையா?

திரையை நேரம் தெரியும்படி படமெடுத்து, புகார் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். புகார் மையத்தில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குக் கொண்டுபோகலாம். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள். மேல்முறையீடு என்ற சொல்லை எழுதிய பிறகுதான், காலை ஆறரைக்கு ஆள் அனுப்புவதாகப் பதில் வந்தது.

அவர் வருவதற்கு முன்பே நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். எங்கள் தெருவில் ஃபைபர் கேபிள், முனைப் பெட்டியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து வீடுகளுக்கு வருவது லேன் கேபிள்தான். அதைக் கையால் தொட்டுக்கொண்டே போனபோது, கைப்பிடிச் சுவரின் மேல் பாலிதீன் பையில் சுற்றி டேப் ஒட்டிய முடிச்சு ஒன்று தட்டுப்பட்டது. பிரித்தேன். நீளம் போதாமல் இரண்டு கேபிள்களை ஒரு ஜாயிண்டரில் இணைத்திருந்தார்கள். பையின் மடிப்பில் பனிநீர் தேங்கியிருந்தது. செருகியை உருவியபோது அதன் ஊசிகளில் பாசி போலப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஆரஞ்சு நிறக் கம்பி நூல்போல் தொங்கியது. உப்புக் காற்று உலோகத்தை அரித்திருக்கிறது. படிந்த உப்பு இரவு ஈரத்தை இழுத்துக்கொள்ள, வெயில் வந்ததும் அது உலர்ந்திருக்கிறது. மதியம் வந்தவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்ததன் காரணம் அதுதான்.

மேலே வந்த லைன்மேன் தம்பி அதைப் பார்த்ததும், "அண்ணே, இதை நாங்க முன்னாடியே பார்த்திருக்கணும்" என்றார். பதினேழு நாளில் அந்த நிறுவனத்திலிருந்து நான் கேட்ட முதல் நேர்மையான சொல் அது. பழைய கேபிளை பிளேடால் சுரண்டிக் காட்டினார்: மேல்பூச்சு மட்டும் செம்பு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். கடலோரத்தில் குடியிருப்பவர்கள், வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட முழுச் செம்புக் கேபிளைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வெளியில் ஒட்டு எதுவும் இருக்கக் கூடாது. அவர் அப்படியே ஒரே நீளமாக இழுத்துக் கொடுத்தார். சன்னலுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிடச் சொன்னேன். வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

வேலை முடிந்ததும் ஓடிபி கேட்டார். மறுநாள் காலை சொல்கிறேன் என்றேன், அவர் மறுக்கவில்லை. அன்றிரவு நல்ல பனி. காலை 5.50க்குக் கேட்வேக்கு நூறு பிங் அனுப்பினேன், நூறும் திரும்பின. எட்டு மணிக்கு அவரை அழைத்து எண்ணைச் சொன்னேன்.