உரச்சாக்கில் வந்த துணிமணி

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் என்ற பொறுப்பைப் பள்ளியில் என் தலையில் கட்டியபோது, ஐம்பது பையன்களைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு என்று நினைத்தேன். பையன்களால் தொல்லையே இல்லை. தொல்லையெல்லாம் பைகளால்தான்.

ஏழு நாள் சிறப்பு முகாம் எங்களுக்கு அரையாண்டு விடுமுறையில் வரும். அதாவது மார்கழி. முதல் வருடம், கொடைக்கானல் பக்கம் மலையேறப் போய்வந்த நண்பரிடம் ஒரு பட்டியல் வாங்கி, அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிட்டேன். கேன்வாஸ் ஷூ, ஜீன்ஸ், ஸ்வெட்டர். போன இடமோ திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, சுற்றிலும் சம்பா வயல். அந்தக் களிமண் நனைந்துவிட்டால் ஷூவைத் தான் வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் முகாம் முடியும்வரை காயாது; ராத்திரிப் பனியில் கொடியில் கிடந்தால் இன்னும் ஈரம்தான் சேரும்.

வகுப்பறையிலேயே படுங்கள் என்று அந்த ஊர்ப் பள்ளியில் சொன்னார்கள். பையன்களுக்குக் கூடார ஆசை. எனக்கும்தான். வாடகைக்கு எடுத்துப் போயிருந்தோம். இரண்டாம் நாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் அடித்த முளைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அதைவிடக் கொடுமை தரையில் விரித்த தார்ப்பாய். நல்ல பெரிசாக இருக்கிறதே என்று அதன் ஓரங்களைக் கூடாரத்துக்கு வெளியே நீட்டி விட்டிருந்தோம். மேலே வழிந்த தண்ணீர் அந்த ஓரங்களில் விழுந்து, வாய்க்கால் வெட்டிவிட்டதுபோல் நேராகப் படுக்கைக்கு அடியில் வந்து சேர்ந்தது. விரிப்பு கூடாரத்தைவிட ஒரு சாணாவது உள்ளடங்கி இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஓரத்தை உள்ளே மடித்துவிட வேண்டும். முதுகு நனைந்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

விடிந்து பைகளைத் திறந்தால் எல்லாம் சொதசொத. ஒருவனுடைய துணி மட்டும் மடிப்புக் கலையாமல் காய்ந்திருந்தது. யூரியா சாக்கைக் கழுவி, அதில் துணியை அடுக்கி, வாயைச் சணலால் கட்டி எடுத்து வந்தவன் அவன். வேனில் ஏறும்போது அதை மற்றப் பைகளுக்கு அடியில் தள்ளி மறைத்ததை நான் கவனித்தேன், கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன். "உள்ள பிளாஸ்டிக் உறை இருக்கு சார், தண்ணி இறங்காது" என்றான். முளை நிற்காத இடத்தில் சாக்கில் மண்ணை ரொப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைத்துவிடலாம் என்றும் அவனே சொன்னான். ஊருக்குள் கேட்டதும் பத்து சாக்கு வந்தது. கூடாரம் அசையவில்லை.

ஆனால் அன்றைக்கே கூடாரத்தைக் காலி செய்தோம். சமையலுக்கு ஒத்தாசைக்கு வந்த பாட்டி, "ஏன் தம்பி, புள்ளைகளத் தரையில படுக்க வைக்கிறியே, கொசுவலை இல்லையா? விரியன் வந்து பக்கத்துலயே படுத்துக்குமே" என்றார். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். தூங்குகிறவரைக் கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது. கண்ணிமை சரிய ஆரம்பித்த பிறகுதான் விபரீதம் தெரியும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டால் அது உள்ளே வருவது கஷ்டம். கொசுவலை கொசுவுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இப்போது கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாரையும் பள்ளி வராந்தாவில் பையைக் கவிழ்க்கச் சொல்கிறேன். அம்மா அடுக்கிய பை உடனே தெரிந்துவிடும்: மேலே அதிரசம், அடியில் டார்ச். கண்ணை மூடிக்கொண்டு டார்ச்சை எடுக்கச் சொல்வேன். துழாவுகிறவன் மறுபடி அடுக்க வேண்டும். வழக்கமாக மருந்து சாப்பிடுகிறவர்களுடைய மருந்து, பெயர் எழுதி என் தோள்பைக்கு வந்துவிடும். ஜீன்ஸுக்குப் பதில் கைலி இரண்டு. போர்த்தலாம், துவட்டலாம், குளிக்கும்போது மறைப்பாகக் கட்டலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததே, அந்த வருடம் மட்டும் பட்டியலே வேறு: அரிவாள், கயிறு, கையுறை, அவரவர் குடிக்க அவரவர் தண்ணீர்.

பட்டியலின் முதல் வரி இப்போது 'உரச்சாக்கு, கழுவியது, 1'. போன வருடம் டவுனிலிருந்து ஒரு பையனின் அப்பா போன் செய்தார். "சார், இந்த உரச்சாக்கு எந்தக் கடையில கிடைக்கும்? நல்ல கம்பெனியா ஒண்ணு சொல்லுங்க."

என் வீட்டுப் பரணில் நாலு இருந்தது. ஒன்றை அனுப்பி வைத்தேன்.