ஸ்டார்லெட்டுக்கு டிராக் டயர்: ஹட்டனிலிருந்து ஓடுதளம் வரை

என்னுடையது டொயோட்டா ஸ்டார்லெட் ஜீடி டர்போ, ஈபி82 மொடல். 1,331 சிசி எஞ்சின். ஜப்பானில் விற்றபோது 135 குதிரைவலு. இன்டர்கூலரைப் பெரிதாக்கினேன், சைலன்சர் குழாயை மாற்றினேன், பூஸ்ட்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, 0.9 பார் வரை ஏற்றினேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்தப் பழைய வண்டிகளுக்கு ஏறிய விலை தெரிந்ததுதானே. எஞ்சினை உடைத்துவிட்டு இன்னொன்று தேடும் வசதி எனக்கில்லை. மிச்ச வேகத்தை டயரில்தான் தேட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதல் தடவை கீழ்நாட்டில் ஓர் ஓடுதளத்தில் டிராக் (drag) ஓட்டம், அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 402 மீற்றர், ஓடியபோது, வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போன சாதாரண டயர்தான். கிளட்ச்சை விட்டதும் ஒற்றை முன்சக்கரம் புகைந்தது. முன்சக்கர வண்டிக்கு இது பிறவிக் குறை. வண்டி பாய்ந்து கிளம்பும்போது பாரம் பின்னுக்குப் போகிறது; இழுக்க வேண்டிய முன்சக்கரம் அந்த நேரத்தில் லேசாகிவிடுகிறது. எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் தடுக்கும் டிபரன்ஷியல்) இல்லாததால் பிடிப்புக் குறைந்த பக்கத்துச் சக்கரம் சும்மா சுற்றுகிறது. முதல் 60 அடிக்கு 2.52 விநாடி, முழுத் தூரத்துக்கு 15.4. முன் டயரில் காற்றை 30 பிஎஸ்ஐயிலிருந்து 24க்கு இறக்கினேன். 60 அடி 2.44 ஆனது. ஒரு சதமும் செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றம் அது. டயர் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹட்டனில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டார்: "தம்பி, டயர் சுத்துறதுதான் இப்போ உன் எக்ஸிலைக் காப்பாத்துது. நல்லாப் பிடிச்சா அடுத்து எது போகும்னு யோசிச்சியா?" அந்தக் கேள்விதான் என் தேர்வை மாற்றியது. அதுவரை முழு ஸ்லிக், அதாவது வெட்டே இல்லாத மென்மையான பந்தய டயர், மேல்தான் எனக்கு ஆசை. டிராக் ஸ்லிக்கின் பக்கச்சுவர் சுருங்கி விரிந்து அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் சூடேறிய ஸ்லிக் பிடித்துவிட்டால் சுமை முழுவதும் எக்ஸில், அதன் முனையிலுள்ள சிவி ஜொயின்ட், கியர்பொக்ஸ் பக்கம் திரும்பும். முப்பது வருடம் ஓடிய பாகங்கள் அவை. அதோடு ஸ்லிக் வீதிக்கு ஆகாது.

அடுத்தது டிராக் ரேடியல், டிராக் ஓட்டத்துக்கென்றே செய்த ரேடியல் டயர். மிக்கி தொம்சன் ஈடி ஸ்ட்ரீட் மாதிரியானவை பெரும்பாலும் பின்சக்கர வண்டிகளை மனதில் வைத்த அகலங்களில் வருகின்றன. என் 14 அங்குல ரிம்முக்கு இங்கே எதுவும் அகப்படவில்லை. மிஞ்சியது அரை ஸ்லிக், அதாவது வெட்டு குறைந்த மென்மையான டயர். டயரின் பக்கத்தில் ட்ரெட்வெயார் என்று ஓர் எண் பொறித்திருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கம்பனிக்குக் கம்பனி ஒப்பிட முடியாது. நான்காங் என்எஸ்-2ஆர் 180, டோயோ ஆர்888ஆர் 100. நான் 180 வகையை எடுத்தேன்.

அளவில்தான் அதிகம் மண்டையைக் குடைந்தேன். நண்பர்கள் எல்லோரும் 15 அங்குல ரிம் போட்டு 195/50 (அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 50 வீதம்) வாங்கச் சொன்னார்கள். கணக்குப் போட்டேன். 195/50ஆர்15 இன் மொத்த விட்டம் 576 மில்லிமீற்றர். 185/60ஆர்14 இன் விட்டம் 578. உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், கியர் கணக்கு மாறாது. பக்கச்சுவரோ 14இல் 111 மில்லிமீற்றர், 15இல் 97.5 மட்டும். நேர்க்கோட்டில் கிளம்ப உயர்ந்த பக்கச்சுவர் நல்லது: காற்றைக் குறைத்ததும் தரையில் படியும் நீளம் கூடும். ரிம்மும் லேசு. பார்வைக்கு 15 அழகுதான். நான் 14ஐ எடுத்தேன்.

வாங்கும்போது கடைக்காரர் முதலில் நீட்டிய சோடியில், பக்கச்சுவரில் பொறித்த தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 1116, அதாவது 2016ஆம் ஆண்டின் 11ஆவது வாரம். நூல் பிரியாத புது டயர்தான், ஆனால் நகத்தை அழுத்தினால் தடமே விழவில்லை. மென்மையான ரப்பர் கிடந்தே இறுகிப்போகும். வேறு சோடி வர மூன்று வாரம் காத்திருந்தேன்.

மலையில் இதைச் சோதிக்க முடியாது. காலையில் 15 பாகைக் குளிரும் ஈரத் தாரும் இந்த ரப்பரைப் பற்றிப் பொய்தான் சொல்லும். தோட்ட வீதியில் வேகம் பிடித்துப் பார்க்கவும் கூடாது. கொழுந்து லொறியும் பள்ளிப் பிள்ளைகளும் போகும் பாதை அது. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பந்தயத்தில் ஏழு உயிர்கள் போயின. ஒழுங்கு செய்த பந்தயத்திலேயே அப்படி நடக்கும் என்றால், வீதியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பின் சீற்றை மடித்து டயர் இரண்டையும் ரிம்மோடு ஏற்றி, கினிகத்தேனை வழியாக இறங்கினோம், நானும் சித்தப்பா மகனும். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். விடியலில் 28 அடித்த காற்று, கீழே போனால் வெயிலில் எகிறும் என்று நினைத்திருந்தேன். மதியம் நிழலில் அளந்தால் 28ஐ ஒட்டியே நின்றது. பிறகுதான் புரிந்தது: கீழே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ கூட, அதனால் மானி அவ்வளவு குறைத்துக் காட்டும், சூடு அதே அளவு ஏற்றிவிடும். ஒன்றை ஒன்று சரிக்கட்டுகிறது. ஆனால் வெயில் பட்ட பக்கத்து டயர் ஒன்றரை கூடக் காட்டியது, அதனால் இரண்டையும் நிழலில் வைத்தே சரிசெய்தோம்.

ஓட்டத்துக்கு முன் ஸ்லிக் டயரைச் சுழற்றிச் சூடேற்றுவதற்காகத் தண்ணீர் தெளித்த இடத்தைச் சுற்றிப் போனேன். வெட்டுள்ள டயர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டே கோட்டுக்கு வரும். உலர்ந்த இடத்தில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இரண்டு விநாடிச் சுழற்சி, அவ்வளவுதான். 28இல் 60 அடி 2.38. 24இல் 2.27. 20இல் 2.21, முழுத் தூரம் 14.95. 18க்கு இறக்கியபோது 2.24 ஆனது, முடிவுக்கோட்டுப் பக்கம் ஸ்டியரிங் நீந்தியது. 20க்குத் திரும்பினேன். பின் டயர் நாள் முழுக்க 38. கடைசி ஓட்டத்தில் இரண்டாம் கியரில் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை. கிளட்ச் வாடை. அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எக்ஸிலுக்கு முன்னே அது கை காட்டியதில் எனக்கு நிம்மதிதான்.

திரும்பும்போது கித்துல்கலயிலேயே மழை பிடித்துக்கொண்டது. அவிசாவளையில் ஜக் போட்டு வீதி டயருக்கு மாற்றியிருந்தோம். வெட்டு குறைந்த டயர் முன்னால், சாதாரண டயர் பின்னால் என்று அந்த வளைவுகளை ஈரத்தில் ஏற நான் துணியமாட்டேன்.

டயர் இரண்டும் இப்போது கழுவி, சோக்கால் "இ", "வ" என்று எழுதி, கறுப்புப் பையில் கட்டிக் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. கிளட்ச் தட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.