நான் கேட்ட இடமாற்றம்

இடமாற்றக் கடிதம் கைக்கு வந்தபோது அம்மாவின் 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. மூதூர்ப் பக்கத்துப் பாடசாலையிலிருந்து திருகோணமலை நகருக்கு மாற்றம். மூன்று வருடங்களாக நான் எழுதிக் கேட்டது அதுதான். விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே வரியைத்தான் எழுதினேன்: வயோதிபத் தாயைப் பராமரிக்க வேறு எவரும் இல்லை.

பதினொரு வருடங்கள் அந்தப் பாதையில் போய்வந்திருக்கிறேன். அதிகாலை நாலேகாலுக்கு எழும்பி, அம்மாவுக்குத் தேநீரும் மாத்திரையும் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். சீனக்குடா தாண்டி, கிண்ணியாப் பாலம் ஏறும்போதுதான் விடியும். 2009இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் பஸ்ஸே கடலைக் கடந்தது. என் மூத்த ஆசிரியை ஒருவர் மழைக்காலத்தில் அந்தப் பாதைக்காகக் காத்துநின்ற கதைகளைச் சொல்லும்போது, நான் கொடுத்துவைத்தவள் என்றே நினைப்பேன். அம்மா விழுந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ஐப்பசியில், ஒரு புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில், பக்கத்து வீட்டு அக்காவின் அழைப்பு வந்தது. தரம் ஒன்பதுக்கு வெப்பம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள்.

31ஆம் நாள் கன்னியாவுக்குப் போனோம். இராவணன் தன் தாயின் கிரியைகளுக்காக வாளால் ஏழு இடத்தில் குத்தியபோது பிறந்தவை அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது எங்கள் ஊர் ஐதீகம். இரண்டு வருடங்களுக்கு முன் இதே இடத்துக்கு என் மாணவர்களை வெப்பமானிகளோடு அழைத்துவந்திருந்தேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு குழு. எல்லாம் அருகருகே இருக்கும் கிணறுகள். ஆனாலும் சூடு ஒன்றுபோல் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி மேலே வருகிறது என்று அன்று விளக்கினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். இப்போது தலையில் மழைத்தூறல் குளிர, வாளித் தண்ணீர் தோளில் சூடாக விழுந்தது. அம்மாவுக்குக் கடைசி மாதங்களில் நான் விளாவிக்கொடுத்த குளிக்கும் தண்ணீரின் சூடு அது. அங்கேதான், ஒரு மாதத்துக்குப் பிறகு, வாய்விட்டு அழுதேன்.

கடிதத்தைக் கண்டதும் சிலர், "இனி எதற்கு டீச்சர்? ரத்துச் செய்யக் கேளுங்கள்" என்றார்கள். இரண்டு இரவு யோசித்தேன். மறுத்தால் அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் இன்னொருவரின் விண்ணப்பம் என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் நகரிலிருந்து எனக்குப் பதிலாக வர இசைந்தவர் மூதூரிலேயே வீடு உள்ளவர். அவருக்கும் ஒரு தாய் இருக்கிறார். போவதென்று முடிவெடுத்தேன்.

ஆய்வுகூடத்தைக் கையளிக்க ஒரு முழு நாள் ஆனது. முகவைகள், ஸ்பிரிட் விளக்குகள், வில் தராசுகள் என்று இருப்புப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். வெப்பமானிகள் ஆறு. அதில் ஒன்றின் சிவப்புத் திரவம் நடுவில் துண்டுபட்டு நின்றது. கன்னியாவில் அது ஒரு பிள்ளையின் கையிலிருந்து வழுக்கிக் கல்லில் பட்டது, கண்ணாடி உடையவில்லை. அந்தப் பிள்ளை அன்று பயந்து அழுததும், நான் அதை மடியில் சுற்றிக் கொண்டுவந்ததும் பதிவேட்டில் இல்லை. 'பாவனைக்கு உதவாது' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அந்தப் பேனாவைப் பிடித்த விரல்கள் நடுங்கின.

இப்போது பாடசாலைக்கு நடந்தே போகலாம். ஆறரைக்கு எழும்பினாலும் போதும். உடம்பு கேட்கவில்லை. நாலேகாலுக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கேத்திலில் இரண்டு பேருக்கு அளந்து தண்ணீர் வைத்துவிடுகிறேன்.

முதல் திங்கட்கிழமை பஸ் நிலையத்தைக் கடந்து நடந்தபோது மூதூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. படியில் நின்ற நடத்துநர் என்னைக் கண்டு பஸ்ஸை நிறுத்தச் சொன்னார்.

"ஏறவில்லையா டீச்சர்?"

"இல்லைத் தம்பி. இனி இங்கேதான்."

"நல்லது டீச்சர். அம்மாவுக்கு இனிச் சுகம்தான்" என்று மனம் நிறைந்து சொல்லிவிட்டு அவர் தட்ட, பஸ் புறப்பட்டது.